ஃப்ளோரா, ஃப்ளோர்ஸா? ஆங்கிலத்தில் இரட்டைப் பெயரடைக்குப் பின் ஒருமை, பன்மை: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

சென்னை மண்ணடியிலும் பாரிமுனையிலும் மாடிப்படி ஓரமாகத் தொங்கும் ஆங்கிலப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரே வகைத் தவறு அடிக்கடி கண்ணில் படும். ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஃப்ளோர் இஸ் ஃபார் ரென்ட்.’ வாடகைக்கு இருப்பது இரண்டு மாடி. எழுதியிருப்பதோ ஒரு மாடிக்கான ஆங்கிலம். எழுதியவருக்கு இலக்கணம் வராது என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் தமிழில் சரியாக யோசித்ததை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியிருக்கிறார். இந்த ஒரு இடத்தில் இரண்டு மொழியும் வேறு வேறு வழியில் போகின்றன.

பலகை, லெட்டர்பேடு, துறைமுகத்துக்குப் போகும் கடிதம், பள்ளி விண்ணப்பம், ஜெர்சி ஆர்டர் என்று எதை எழுதினாலும் இந்தச் சிக்கல் வரும். உங்கள் வரியில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் ‘உம்’ சோதனையை மட்டும் தாண்டிவிடாதீர்கள். ஆங்கில வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கவனிக்க வேண்டியது சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’.

முதலில்: ‘உம்’ எங்கே ஒட்டுகிறது?

எழுத நினைத்ததைத் தமிழில் ‘உம்’ போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘கறுப்பும் சிவப்புமான கொடி’ என்று சொல்ல வருகிறதா? ‘உம்’ நிறத்தோடு நின்றுவிட்டது, கொடி ஒன்றுதான். ஆங்கிலத்திலும் ஒருமை: ‘எ பிளாக் அண்ட் ரெட் ஃபிளாக்’. இப்போது மாடிக்கு வாருங்கள். ‘முதலும் இரண்டுமான மாடி’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘முதல் மாடியும் இரண்டாம் மாடியும்’ என்றுதான் வரும். ‘உம்’ மாடியிலேயே போய் ஒட்டிவிட்டது, அதுவும் இரண்டு தடவை. அப்படியானால் ஆங்கிலத்தில் பன்மை: ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஃப்ளோர்ஸ்’.

பெயரடையில் ‘உம்’ ஒட்டினால் ஒரு பொருள், பெயர்ச்சொல்லில் ஒட்டினால் பல பொருள். இது நம் காதிலேயே இருக்கும் கருவி. இலக்கணப் புத்தகம் தராத வேகத்தில் பதில் தரும்.

தவறு ஏன் வருகிறது என்பதும் இதிலேயே தெரியும். தமிழில் அஃறிணைக்குக் ‘கள்’ கட்டாயமில்லை. ‘மூணு மாடி’, ‘பத்து கன்டெய்னர்’, ‘நாலு கொடி’ எல்லாம் முழுச் சரியான தமிழ். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் செல்லும். பால்பகா அஃறிணை என்று இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு. அதனால் ‘முதல், இரண்டாம் தளம் வாடகைக்கு’ என்ற தமிழ்ப் பலகையில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒன்றுக்கு மேல் போனால் பன்மை வடிவம், பெரும்பாலும் ‘ஸ்’, வந்தே ஆக வேண்டும்.

அறிகுறி: இரண்டு தனிப் பொருள், ஆனால் பெயர்ச்சொல்லில் ‘ஸ்’ இல்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான். ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஃப்ளோர்’, ‘மை ஓல்டு அண்ட் நியூ ஹவுஸ்’, ‘தி சவுத்-வெஸ்ட் அண்ட் நார்த்-ஈஸ்ட் மான்சூன்’. மூன்றிலும் ‘உம்’ சோதனை பெயர்ச்சொல்லில்தான் போய் ஒட்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டு தனி மழை.

திருத்த மூன்று வழி உண்டு, மூன்றும் சரி. சுருக்கமானது ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஃப்ளோர்ஸ்’: ‘தி’ ஒரு தடவை, ‘ஸ்’ உண்டு. நீளமானது ‘தி ஃபர்ஸ்ட் ஃப்ளோர் அண்ட் தி செகண்ட் ஃப்ளோர்’: பெயர்ச்சொல் இரண்டு தடவை வருவதால் இரண்டும் ஒருமை. நடுவில் ஒன்று இருக்கிறது: ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் தி செகண்ட் ஃப்ளோர்’. இங்கே இரண்டாவது ‘தி’ வந்ததுமே படிப்பவர் இரண்டு மாடி என்று புரிந்துகொள்கிறார். முதல் ‘ஃப்ளோர்’ சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது, அதனால் ஒருமை போதும். ‘தி’ ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டுத்தான் ‘ஸ்’ பற்றி முடிவு செய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

பலகைக்கும் கடிதத்துக்கும் முதல் வழியையே பரிந்துரைப்போம். வாடகை ஒப்பந்தத்தில் மட்டும் இரண்டாவது வழி. நாளைக்கு ஒரு தகராறு வந்தால் எந்த மாடி உள்ளே, எந்த மாடி வெளியே என்று பேச இடமில்லாமல் இருக்கும்.

மூன்று வழியில் எதை எடுத்தாலும் வினை பன்மைதான்: ‘ஆர் ஃபார் ரென்ட்’. ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் தி செகண்ட் ஃப்ளோர்’ என்பதில் ‘ஸ்’ இல்லையே, ‘இஸ்’ போடலாமே என்று தோன்றும். போடக் கூடாது. மாடி இரண்டு, ஆகவே ‘ஆர்’.

‘எ’ வரும் இடத்தில் கதை மாறும். குப்பைத் தொட்டியைப் பாருங்கள்: ஈரக் குப்பைக்குப் பச்சை, காய்ந்த குப்பைக்கு நீலம். ‘கீப் எ கிரீன் அண்ட் ப்ளூ பின்’ என்றால் பாதி பச்சை, பாதி நீலம் பூசிய ஒரே தொட்டி. ‘கீப் எ கிரீன் அண்ட் எ ப்ளூ பின்’ என்றால் இரண்டு தொட்டி. ஒரே ஒரு ‘எ’ பொருளையே மாற்றிவிடுகிறது. ‘எ கிரீன் அண்ட் எ ப்ளூ பின்ஸ்’ என்பது எந்த நிலையிலும் தவறு. ‘எ’ என்றாலே ஒன்று, அதோடு ‘ஸ்’ சேராது. ‘எ’ வேண்டாம் என்றால் ‘கிரீன் அண்ட் ப்ளூ பின்ஸ்’.

‘போத்’ வந்தால் ‘போத் தி கிரீன் அண்ட் ப்ளூ பின்ஸ்’. ‘பிட்வீன்’ வந்தாலும் இதே முறைதான்: ‘பிட்வீன் தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஃப்ளோர்ஸ்’. நடுவில் என்று சொல்ல இரண்டு மாடி இருந்தாக வேண்டும் அல்லவா? நூற்றாண்டும் அப்படியே: ‘இன் தி 19த் அண்ட் 20த் சென்ச்சுரீஸ்’. ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவருக்கு இது உதவும். நிலையம் திறந்தது 1856, அதன் கதை இரண்டு நூற்றாண்டிலும் ஓடுகிறது.

அறிகுறி: ஆர்டர் கொடுத்தது ஒன்று, வந்தது வேறு

இலக்கணத்தில் பிழையே இல்லாமல் பணம் போகும் இடம் இது.

‘100 பிளாக் அண்ட் ரெட் ஃபிளாக்ஸ்.’ ஒவ்வொரு கொடியும் இரு நிறமா? 50 கறுப்பு, 50 சிவப்பா? தமிழில் ‘கறுப்பு சிவப்புக் கொடி 100’ என்றால் நம் ஊரில் சந்தேகமே வராது. ஆங்கிலத்தில் பன்மை வந்துவிட்டால் இரண்டு பொருளும் ஒரே வரியில் உட்கார்ந்துகொள்ளும். ஒருமையில் இந்தக் குழப்பம் இல்லை, ‘எ’ காப்பாற்றிவிடும். பன்மையில் காப்பாற்ற ஆள் இல்லை.

கேரம் காயை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையில் 9 கறுப்பு, 9 வெள்ளை, 1 சிவப்பு. ‘தி பிளாக் அண்ட் ஒயிட் காயின்ஸ்’ என்றால் கேரம் ஆடத் தெரிந்த எவரும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை காயைத் தேட மாட்டார்கள். குத்துச்சண்டை மேடையில் ‘தி ரெட் அண்ட் ப்ளூ கார்னர்ஸ்’ என்றாலும் அப்படியே, ஒரு மூலை சிவப்பு, ஒரு மூலை நீலம். இங்கெல்லாம் பொருளைப் பற்றிய அறிவு இலக்கணத்தின் ஓட்டையை அடைத்துவிடுகிறது. ஜெர்சிக்கும் கொடிக்கும் அப்படி அடைக்க ஒன்றும் இல்லை. ‘15 ப்ளூ அண்ட் ஒயிட் ஜெர்சீஸ்’ என்று கால்பந்து அணிக்கு ஆர்டர் போனால், தைப்பவர் இரண்டு விதமாகவும் தைக்கலாம்.

சரி செய்யும் முறை: ஒவ்வொன்றும் இரு நிறம் என்றால் நிறங்களை ஹைஃபன் போட்டுக் கட்டுங்கள், ‘15 ப்ளூ-அண்ட்-ஒயிட் ஜெர்சீஸ்’. ஹைஃபன் போட்டதும் இரண்டு நிறமும் ஒரே பெயரடை ஆகிவிடுகிறது. தனித்தனி நிறம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுங்கள், ‘15 ப்ளூ அண்ட் 15 ஒயிட் ஜெர்சீஸ்’. பணம் கைமாறும் தாளில் ஹைஃபனை மட்டும் நம்ப வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வாட்ஸ்அப்பில் தட்டும்போது ஹைஃபன் விழுந்துவிடும். அடுத்த வரியிலேயே ‘ஈச் ஜெர்சி ப்ளூ வித் ஒயிட் ஸ்லீவ்ஸ்’ என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

இதே குழப்பம் மொழிப் பெயரிலும் வரும். ‘எ தமிழ் அண்ட் இங்கிலீஷ் போர்டு’ என்றால் இரு மொழியும் உள்ள ஒரே பலகை. ‘டூ போர்ட்ஸ், ஒன் இன் தமிழ் அண்ட் ஒன் இன் இங்கிலீஷ்’ என்றால் இரண்டு பலகை. வெறும் ‘தமிழ் அண்ட் இங்கிலீஷ் போர்ட்ஸ்’ என்று எழுதி அனுப்பினால், எத்தனை பலகை, எதில் என்ன மொழி என்று கேட்டு ஃபோன் வருவது நிச்சயம்.

அறிகுறி: இரண்டு வகைதான், ‘ஸ்’ போட்டேன், ஆனாலும் தவறு

‘டிரை அண்ட் வெட் வேஸ்ட்ஸ்.’ ‘ஹாட் அண்ட் கோல்டு வாட்டர்ஸ்.’ ‘ஓல்டு அண்ட் நியூ ஃபர்னிச்சர்ஸ்.’

‘உம்’ சோதனை இங்கே உங்களை ஏமாற்றும். ‘ஈரக் குப்பையும் காய்ந்த குப்பையும்’ என்று ‘உம்’ பெயர்ச்சொல்லில்தான் ஒட்டுகிறது. ஆனால் ‘வேஸ்ட்’ என்பதை ஆங்கிலம் எண்ணாது, அளக்கும். வகை இரண்டானாலும் சொல் மாறாது: ‘டிரை அண்ட் வெட் வேஸ்ட்’. ஆகவே ‘உம்’ சோதனைக்கு அடுத்த கேள்வி இதுவாக இருக்கட்டும்: இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘ஒன்’, ‘டூ’ போட முடியுமா? ‘டூ வாட்டர்’, ‘டூ ஃபர்னிச்சர்’ வராது என்றால் ‘ஸ்’ வேண்டாம். லக்கேஜ், எக்விப்மென்ட், மெஷினரி, இன்ஃபர்மேஷன் எல்லாம் இந்தக் கூட்டம்தான். எண்ணியே ஆக வேண்டும் என்றால் எண்ணக்கூடிய சொல் ஒன்றை முன்னால் நிறுத்துங்கள்: ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’.

காசிமேட்டு வியாபாரத்துக்கு ஒரு சொல். ‘ஃப்ரெஷ் அண்ட் டிரைடு ஃபிஷ்’ என்பதே சரி. ‘ஃபிஷ்’ என்பதற்குப் பன்மையும் பெரும்பாலும் ‘ஃபிஷ்’தான். கருவாட்டுக்கு ‘டிரை ஃபிஷ்’ என்று நம் பக்கம் எழுதுவது வழக்கம். வெளிநாட்டுக்குப் போகும் தாளில் ‘டிரைடு ஃபிஷ்’ என்று எழுதுவது நல்லது.

வினைக்கு வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஹாஸ்டல் பலகையில் ‘ஹாட் அண்ட் கோல்டு வாட்டர் இஸ் அவைலபிள்’ என்பது இயல்பு, தண்ணீர் வசதி என்று ஒன்றாகவே நினைக்கிறோம். ‘ஸ்போக்கன் அண்ட் ரிட்டன் இங்கிலீஷ் ஆர் டிஃபரன்ட்’ என்னும்போது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறோம், அதனால் ‘ஆர்’. ஒப்பிட்டால், பிரித்துக் காட்டினால் பன்மை வினை. சேர்த்துச் சொன்னால் ஒருமை வினை. பெயர்ச்சொல்லுக்கு இரண்டு இடத்திலும் ‘ஸ்’ இல்லை.

அறிகுறி: ‘20 அண்ட் 40 ஃபீட்ஸ் கன்டெய்னர்’

துறைமுக வேலையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே வரியில் மூன்று கோளாறு நிற்கிறது. ‘ஃபீட்’ என்பதே பன்மை, அதற்கு மேல் ‘ஸ்’ கிடையாது. அதைவிட முக்கியம், இந்த இடத்தில் ‘ஃபீட்’டே வரக் கூடாது. மூன்றாவது, கன்டெய்னருக்கு வர வேண்டிய ‘ஸ்’ வரவில்லை.

சரியான வடிவம்: ‘20- அண்ட் 40-ஃபுட் கன்டெய்னர்ஸ்’.

அடி என்ற சொல் இங்கே பெயரடை வேலை பார்க்கிறது, கன்டெய்னர் எப்படிப்பட்டது என்று சொல்கிறது. பெயர்ச்சொல் ஒன்று இன்னொன்றுக்கு முன்னால் நின்று பெயரடை வேலை பார்த்தால் அது பெரும்பாலும் ஒருமையிலேயே இருக்கும், எண் 40 ஆனாலும் சரி, 400 ஆனாலும் சரி. ‘ஸ்’ கடைசிச் சொல்லுக்குத்தான் போகும். அதே அடி வினைக்குப் பின்னால் போனால் பன்மை ஆகிவிடும்: ‘தி கன்டெய்னர் இஸ் 40 ஃபீட் லாங்’. தண்ணீர் கேனுக்கும் இதேதான்: ‘10- அண்ட் 20-லிட்டர் கேன்ஸ்’. வீட்டுக்கும்: ‘டூ- அண்ட் த்ரீ-பெட்ரூம் ஃபிளாட்ஸ்’. கல்லூரிச் சுற்றறிக்கைக்கும்: ‘ஃபர்ஸ்ட்- அண்ட் செகண்ட்-இயர் ஸ்டூடன்ட்ஸ்’. இதை ‘இன் தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் இயர்ஸ்’ என்பதோடு வைத்துப் பாருங்கள். பின்னால் ஸ்டூடன்ட்ஸ் இல்லை, ‘இயர்’ தானே பெயர்ச்சொல், ஆகவே ‘ஸ்’ அதற்கே.

‘20-’ என்று அந்தரத்தில் தொங்கும் ஹைஃபன் அச்சுப்பிழை அல்ல. ‘ஃபுட்’ பின்னால் வருகிறது என்று சொல்லும் அடையாளம் அது. டி.டி.பி. கடையில் ப்ரூஃப் பார்ப்பவர் அதைப் பிழை என்று நினைத்து எடுத்துவிடுவார், அல்லது அடுத்த சொல்லோடு ஒட்டிவிடுவார். கையெழுத்துப் படியிலேயே அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு ‘இப்படியே இருக்கட்டும்’ என்று எழுதிக் கொடுங்கள்.

எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டால் இன்னொரு முடிச்சு. ‘ஒன் 20-ஃபுட் அண்ட் ஒன் 40-ஃபுட் கன்டெய்னர்’: ஒவ்வொன்றும் ஒன்றே என்பதால் கன்டெய்னர் ஒருமை, வினை மட்டும் ‘ஆர்’. ‘ஒன் 20-ஃபுட் அண்ட் டூ 40-ஃபுட் கன்டெய்னர்ஸ்’: பக்கத்தில் ‘டூ’ நிற்பதால் பன்மை. திருப்பிப் போட்டு ‘டூ 20-ஃபுட் அண்ட் ஒன் 40-ஃபுட்’ என்று ஆரம்பித்தால் ‘கன்டெய்னர்’ என்றாலும் காதில் இடிக்கும், ‘கன்டெய்னர்ஸ்’ என்றாலும் இடிக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒற்றையை முன்னால் வையுங்கள், பலவற்றைப் பின்னால் வையுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

‘ஒன்றரை லிட்டர்’ ஆங்கிலத்தில் ‘ஒன் அண்ட் எ ஹாஃப் லிட்டர்ஸ்’. ஒன்றைத் தாண்டிவிட்டால் அரையானாலும் பன்மை.

அறிகுறி: எண் பின்னால் வருகிறது

‘பிளாட்ஃபார்ம் 1 அண்ட் 2’, ‘கேட் 3 அண்ட் 4’, ‘டோர் நம்பர் 12 அண்ட் 13’. எண் பின்னால் போனாலும் எண்ணிக்கை மாறாது. பெயர்ச்சொல்லுக்கு ‘ஸ்’ வேண்டும்: ‘பிளாட்ஃபார்ம்ஸ் 1 அண்ட் 2’. சுருக்கி எழுதும்போதும் ‘நம்பர்’ என்பதன் சுருக்கத்தில் ஒரு ‘ஸ்’ சேரும். பத்திரத்தில் சர்வே எண் இரண்டு இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தை வைத்து மூன்று வடிவத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். அதன் முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு. ‘தி ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் ஸ்டேஜஸ்’ என்னும்போது எண் முன்னால். ‘ஸ்டேஜஸ் 1 அண்ட் 2’ என்னும்போது எண் பின்னால். ‘ஃபர்ஸ்ட்- அண்ட் செகண்ட்-ஸ்டேஜ் யூனிட்ஸ்’ என்னும்போது ஸ்டேஜ் பெயரடை ஆகிவிட்டது, ‘ஸ்’ யூனிட்டுக்குத் தாவிவிட்டது. மெகாவாட்டுக்கும் இதே கதி: ‘210- அண்ட் 600-மெகாவாட் யூனிட்ஸ்’.

அறிகுறி: ஊர்ப் பெயருக்கு ‘ஸ்’ போட்டுவிட்டேன்

‘ஓல்டு அண்ட் நியூ வாஷர்மென்பெட்ஸ்’ என்று விதியை நம்பி எழுதினால் சிரமம். பழைய வண்ணாரப்பேட்டையும் புது வண்ணாரப்பேட்டையும் இரண்டு இடம்தான். ஆனாலும் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் சாதாரணமாகப் பன்மை ஏற்காது. ‘ஓல்டு அண்ட் நியூ வாஷர்மென்பெட் ஆர் கனெக்டெட் பை ரோடு’ என்று, பெயர் ஒருமை, வினை பன்மை. ‘நார்த் அண்ட் சவுத் கொரியா ஆர்’ என்று உலகச் செய்தியில் வருவதும் இந்த முறையில்தான்.

பெயரின் கடைசித் துண்டு தெரு, நிலையம், துறைமுகம், பாதை போன்ற பொதுச்சொல்லாக இருந்தால் ‘ஸ்’ திரும்ப வந்துவிடும். திருவொற்றியூரில் ‘நார்த் அண்ட் சவுத் மாட ஸ்ட்ரீட்ஸ்’. மெட்ரோவில் ‘தி ப்ளூ அண்ட் கிரீன் லைன்ஸ்’, இரண்டும் சென்ட்ரலில் சந்திக்கின்றன. ‘தண்டையார்பேட் அண்ட் நியூ வாஷர்மென்பெட் ஸ்டேஷன்ஸ்’. மக்களவைத் தொகுதிக்கு ‘சென்னை நார்த் அண்ட் சென்னை சவுத் கான்ஸ்டிட்யூயன்சீஸ்’. இப்படிப் பன்மையாகும் பொதுச்சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா சிறிய எழுத்திலா என்பதில் ஆங்கில நடைக் கையேடுகள் ஒத்துப்போகவில்லை. சிகாகோ கையேடு பெரிய எழுத்து என்கிறது, அசோசியேட்டட் பிரஸ் கையேடு தெருப் பெயர்களுக்குச் சிறிய எழுத்து என்கிறது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாள் முழுக்க அதையே வையுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் ‘ஃபர்ஸ்ட் லைன் பீச்’. இன்றைய ராஜாஜி சாலையின் பழைய பெயர். அதை அடுத்து ‘செகண்ட் லைன் பீச்’. இரண்டையும் சேர்த்து ‘ஃபர்ஸ்ட் அண்ட் செகண்ட் லைன் பீச்சஸ்’ என்றால் இரண்டு கடற்கரை இருப்பது போல் ஆகும். இங்கே ‘பீச்’ பெயருக்குள் உறைந்துபோன சொல், எண்ணுவதற்கு இல்லை. சுருக்காமல் ‘ஃபர்ஸ்ட் லைன் பீச் அண்ட் செகண்ட் லைன் பீச்’ என்று முழுதாக எழுதுங்கள்.

அறிகுறி: நடுவில் ‘அண்ட்’ இல்லை

‘ஆர்’ என்ற ‘அல்லது’ வந்தால் ஒருமை: ‘தி ஃபர்ஸ்ட் ஆர் செகண்ட் ஃப்ளோர்’. இரண்டில் ஒன்றுதானே வேண்டும். ‘ஐதர்’, ‘நைதர்’ வந்தாலும் ‘நைதர் தி ஃபர்ஸ்ட் நார் தி செகண்ட் ஃப்ளோர் இஸ் வேகன்ட்’ என்று வினை உட்பட ஒருமை. ‘ஈச்’, ‘எவ்ரி’ பின்னால் எத்தனை பெயரடை வந்தாலும் ஒருமைதான்: ‘எவ்ரி ஓல்டு அண்ட் நியூ மெம்பர் ஹாஸ் டு சைன்’.

‘டு’ கொஞ்சம் வழுக்கும். ‘ஃப்ரம் தி ஃபர்ஸ்ட் டு தி தேர்டு ஃப்ளோர்’ என்றால் லிஃப்ட் இங்கிருந்து அங்கே போகிறது, முடியும் இடம் ஒன்று, ஆகவே ஒருமை. ‘தி ஃபர்ஸ்ட் டு தேர்டு ஃப்ளோர்ஸ் ஆர் ஆக்குபைடு’ என்றால் மூன்று மாடியும் சேர்ந்த ஒரு தொகுதி, ஆகவே பன்மை. வகுப்புக்கு ‘கிளாசஸ் 6 டு 8’.

அறிகுறி: ‘தி’ இல்லாத சொற்றொடரில் ‘ஸ்’ இடிக்கிறது

‘அட் ஹை அண்ட் லோ டைட்ஸ்’ என்பதைப் படித்தால் ஏதோ நெருடும். ‘அட் ஹை அண்ட் லோ டைட்’ என்றுதான் வழக்கம். ‘தி’யும் ‘எ’யும் இல்லாமல் உறைந்துபோன தொடர்களில் பெயர்ச்சொல் ஒருமையிலேயே நிற்கும். விண்ணப்பங்களில் அடிக்கடி வருவது ‘அட் பிரைமரி அண்ட் செகண்டரி லெவல்’. அதுவும் சரி, ‘அட் தி பிரைமரி அண்ட் செகண்டரி லெவல்ஸ்’ என்பதும் சரி. ‘தி’ வந்தால் ‘ஸ்’ கூடவே வரட்டும், ‘தி’ போனால் ‘ஸ்’ போகலாம்.

அறிகுறி: படிவம் நிரப்பும்போது

சென்னையில் பல வீட்டுக்குப் பழைய கதவு எண் ஒன்று, புதிய கதவு எண் ஒன்று. கடிதத்தில் ‘தி ஓல்டு அண்ட் நியூ டோர் நம்பர்ஸ் ஆர் கிவன் பிலோ’. முகவரி: ‘பிரசன்ட் அண்ட் பெர்மனன்ட் அட்ரஸஸ்’. இரண்டும் ஒரே முகவரிதான் என்றால் ‘மை பிரசன்ட் அண்ட் பெர்மனன்ட் அட்ரஸ் இஸ் தி சேம்’ என்று எழுதத் தோன்றும். படிவம் அதை இரண்டு கட்டமாகக் கேட்கிறது, ‘சேம்’ என்று ஒப்பிடவும் செய்கிறீர்கள், ஆகவே ‘அட்ரஸஸ் ஆர் தி சேம்’. நகலுக்கு ‘தி ஒரிஜினல் அண்ட் டூப்ளிகேட் காப்பீஸ்’.

பெற்றோர் பெயர்: ‘மை ஃபாதர்ஸ் அண்ட் மதர்ஸ் நேம்ஸ்’. தனித்தனி உடைமை என்பதால் உடைமைக் குறி (அப்பாஸ்ட்ரஃபி, ‘ஸ்’) இருவருக்கும், பெயருக்குப் பன்மை. வீடு இருவருக்கும் பொது என்றால் ‘மை ஃபாதர் அண்ட் மதர்ஸ் ஹவுஸ்’, குறி கடைசி ஆளுக்கு மட்டும்.

அறிகுறி: ஒன்றா இரண்டா என்று எனக்கே தெரியவில்லை

‘சோஷியல் அண்ட் எகனாமிக் டெவலப்மென்ட்’ போன்ற கருத்துச் சொற்களில் வளர்ச்சி ஒன்றா இரண்டா என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. இங்கே ஒருமையே பாதுகாப்பு. ‘டெவலப்மென்ட்ஸ்’ என்று ‘ஸ்’ போட்டால் பொருளே மாறி, நடந்த நிகழ்வுகள் என்று ஆகிவிடும். ‘மென்டல் அண்ட் ஃபிசிக்கல் ஹெல்த்’ எப்போதும் ஒருமைச் சொல்.

தேர்வு வேறு. எழுத்தும் வாய்மொழியும் ஒரே தேர்வின் இரண்டு பகுதி, மதிப்பெண் ஒன்றாகக் கூட்டப்படும் என்றால் ‘எ ரிட்டன் அண்ட் ஓரல் எக்ஸாம்’. தனித்தனி நாள், தனித்தனி முடிவு என்றால் ‘ரிட்டன் அண்ட் ஓரல் எக்ஸாம்ஸ்’. இதை மொழி முடிவு செய்யாது. அறிவிப்பு எழுதும் முன் தேர்வு நடத்துபவரிடம் கேட்டுவிடுங்கள்.

அச்சுக்குப் போகும் முன்

கணினியின் எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோட்டை இதற்கு நம்ப முடியாது. ‘ஃப்ளோர்’ என்பதும் சரியான சொல், ‘ஃப்ளோர்ஸ்’ என்பதும் சரியான சொல். மாடி எத்தனை என்று கணினிக்குத் தெரியாது. கன்ட்ரோல் எஃப் தட்டி ‘அண்ட்’ என்று தேடுங்கள், பிறகு அதன் ‘&’ குறியையும் தனியாகத் தேடுங்கள். பலகைகளில் குறிதான் அதிகம். ஒவ்வொரு இடத்திலும் நின்று இடப்பக்கம் ‘எ’யா ‘தி’யா, எத்தனை தடவை என்று பாருங்கள். பிறகு வலப்பக்கம் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். ‘ஸ்’ சேர்த்த இடத்தில் அதோடு வேலை முடியவில்லை. ‘திஸ்’ இருந்தால் ‘தீஸ்’, ‘இஸ்’ இருந்தால் ‘ஆர்’, ‘ஹாஸ்’ இருந்தால் ‘ஹாவ்’, அடுத்த வரியில் ‘இட்’ இருந்தால் ‘தெம்’. ‘ஸ்’ மட்டும் சேர்த்துவிட்டு வினையை மறந்த பலகை, திருத்துவதற்கு முன் இருந்ததைவிட மோசமாகத் தெரியும்.

ஃபிளெக்ஸில் இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் சொன்னால் ‘தி’யை எடுக்கச் சொல்லுங்கள், ‘அண்ட்’ இடத்தில் குறியைப் போடச் சொல்லுங்கள், எழுத்து அளவை ஒரு புள்ளி குறைக்கச் சொல்லுங்கள். ‘ஸ்’ஸை மட்டும் எடுக்க விடாதீர்கள்.